அன்னம் எட்டாத உயரம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சிவராத்திரிக்குக் கண்விழித்துப் பழகியவர்களுக்கு நள்ளிரவில் நடக்கும் ஒன்று நினைவிருக்கும். சந்நிதிக்கு எதிரே நிற்கும் கூட்டத்தில் பாதி மெதுவாக நகர்ந்து கருவறைக்குப் பின்பக்கம் போகும். பின்சுவரில் ஒரு மாடம், அதில் ஒரு சிற்பம். அதற்கு அந்த வேளையில் அபிஷேகம் நடக்கும். அந்த வேளைக்கே லிங்கோத்பவ காலம் என்று பெயர். மற்ற நாட்களில் அந்தச் சுவர்ப்பக்கம் யாரும் அதிகம் நிற்பதில்லை. தட்சிணாமூர்த்தியிடம் நிற்பார்கள், துர்க்கையிடம் நிற்பார்கள். நடுவில் இருக்கும் இந்த லிங்கோத்பவரை நடந்துகொண்டே கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

அறிவுக்கு எல்லை உண்டா, புராணத்தில் வருகிற அதிசயப் பிராணிகள் அந்த எல்லையில் என்ன செய்கின்றன என்பதுதான் இன்றைய பேச்சு. அதை அந்தப் பின்சுவரிலிருந்தே தொடங்குகிறேன்.

வானொலியில் படம் காட்ட முடியாது. அதனால் சொல்லச் சொல்ல மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். ஒரு தூண். உண்மையில் அது லிங்கம், ஆனால் தூண் போல நெடிதாக நிற்கிறது. அதன் நடுவே வாதாம்பருப்பு வடிவத்தில் ஒரு பிளவு. பிளவுக்குள் சிவன் நிற்கிறார், நான்கு கைகள், பின்கைகளில் மழுவும் மானும். இனி மேலே பாருங்கள். மேல் மூலையில், கைப்பிடி அளவுக்கு, சிறகு விரித்த ஒரு பறவை. அதுதான் அன்னம். எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்துப்போயிருக்கும், தேடித்தான் பார்க்க வேண்டும். கீழே பாருங்கள். தூணின் அடியில் தலைகுப்புற மண்ணைக் கிளறும் பன்றி. மேலே போனவர் பிரம்மா, கீழே போனவர் திருமால். பல கோயில்களில் இவர்கள் இருவரும் இரண்டு பக்கமும் கைகூப்பியபடியும் நிற்பார்கள்.

இப்போது முக்கியமான இடம். சிவனின் காலைப் பாருங்கள். முழங்கால் தெரியும். அதற்குக் கீழே பெரும்பாலான சிற்பங்களில் ஒன்றும் இருக்காது, கால் கல்லுக்குள் போய்விடும். சடைமுடியின் உச்சியும் அப்படித்தான், பிளவின் விளிம்பில் மறைந்துவிடும். இது சிதைவு இல்லை, யாரும் உடைத்ததும் இல்லை. பாதத்தைக் காட்டக்கூடாது என்பது சிற்ப இலக்கணம். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பல்லவர் கோயில் அது, அங்கேயே இந்த வடிவத்தைக் காணலாம். பிறகு சோழர் காலத்தில் இது கருவறையின் மேற்குச் சுவரில் நிலையான இடம் பிடித்தது. நகத்தையும் விரல்ரேகையையும் கல்லில் கொண்டுவரத் தெரிந்த கைகள் அவை. அந்தக் கைகள் முழங்காலுக்குக் கீழே வந்ததும் உளியை நிறுத்திவிட்டன. கதை சொல்வது என்ன? அடியைக் காணவில்லை என்று. காணாததைச் செதுக்கினால் கதையே பொய்யாகிவிடும் அல்லவா? அதனால் விட்டுவைத்தார்கள். இந்த விட்டுவைத்தலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதற்குத் திரும்பத் திரும்ப வருவேன்.

பிரகாரத்தைச் சுற்றி வரும் வரிசையையும் கவனியுங்கள். முதலில் தெற்குச் சுவர், அங்கே தட்சிணாமூர்த்தி, பேசாமல் சின்முத்திரை காட்டிப் பாடம் சொல்கிற ஆசிரியர். அடுத்தது மேற்கு, அங்கே அடிமுடி காணாத கதை. அடுத்தது வடக்கு, அங்கே மாடத்தில் நிற்பவர் பிரம்மா, தேடிப் போய்த் தோற்றவர். கற்பது, கற்பதன் எல்லை, எல்லையில் தவறியவர் என்று ஒரு சுற்றிலேயே மூன்றும் வந்துவிடுகின்றன. எந்தச் சிற்பி இப்படி எண்ணி வைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நடக்கும் கால்களுக்கு இந்த வரிசை அமைந்துவிட்டிருக்கிறது.

கதை எல்லாருக்கும் தெரியும். யார் பெரியவர் என்று இருவருக்கும் வாதம். நடுவே ஒரு நெருப்புத்தூண் எழுகிறது. பன்றி மண்ணைக் குடைந்து போகிறது, அன்னம் வானத்தில் ஏறுகிறது. திருமால் திரும்பிவந்து காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிரம்மா போகும் வழியில் மேலிருந்து விழுந்துகொண்டிருந்த ஒரு தாழம்பூவைச் சந்தித்தார். முடியைக் கண்டேன், இந்தப் பூவே சாட்சி என்று சொல்லிவிட்டார். அதனால்தான் பிரம்மாவுக்குத் தனிக்கோயில் அரிதாகிப் போனது, தாழம்பூவும் சிவபூசையிலிருந்து விலக்கப்பட்டது. ராமநாதபுரம் மாவட்டத்து உத்தரகோசமங்கையில் தாழம்பூ சாத்தும் வழக்கம் உண்டு, அது விதிவிலக்கு.

தண்டனை எதற்குக் கிடைத்தது என்று பாருங்கள். இருவருமே தோற்றார்கள். காணாமல் திரும்பியது திருமாலுக்குக் குற்றமாகவில்லை. கண்டேன் என்றதுதான் குற்றமானது. அறியாமைக்கு இந்தக் கதையில் தண்டனையே கிடையாது, நேயர்களே. இதை இன்னொரு முறை சொல்கிறேன், வானொலியைப் பாதியில் திறந்தவர்களுக்காகவும். அறியாமைக்குத் தண்டனை கிடையாது.

திருஞானசம்பந்தர் இந்தக் கதையை விடவே இல்லை. அவருடைய பதிகங்களை எடுத்துப் பாருங்கள். எட்டாவது பாட்டில் இராவணன் வருவான், ஒன்பதாவது பாட்டில் அநேகமாகத் தவறாமல் மாலும் அயனும் தேடிய கதை வரும். முதல் பதிகமான தோடுடைய செவியனிலேயே அது உண்டு. அங்கே அவர் போட்டிருக்கும் சொல் 'நிமிர்ந்தான்'. தேடியவர்கள் நெடுந்தூரம் போக, அவன் நிமிர்ந்தான். ஏறுகிறவர் ஏற ஏறத் தூணும் உயர்கிறது. எல்லை என்றதும் மதில்சுவர் மாதிரி ஒன்றை நினைத்துக்கொள்கிறோம், போய் முட்டிக்கொள்ள. இங்கே எல்லை நகர்கிறது. திருவண்ணாமலை அந்த நெருப்புத்தூணின் வடிவம் என்பார்கள். ஆனால் மலைக்கு உச்சி இருக்கிறது, 2,668 அடி என்று அளந்தும் வைத்திருக்கிறோம், கார்த்திகைக்கு ஏறித் தீபமும் ஏற்றுகிறோம். ஆகவே கதையின் பேச்சு உயரத்தைப் பற்றியதாக இருக்க முடியாது.

வள்ளுவரும் இதைச் சொல்லியிருக்கிறார், 'அறிதோறு அறியாமை கண்டற்றால்' என்று. அறிய அறிய முன்பிருந்த அறியாமை தெரியவருகிறது. இதை அவர் கல்வி அதிகாரத்தில் வைக்கவில்லை. காமத்துப்பாலில், 1110-ஆம் குறளில், காதலியோடு சேரும்தோறும் வரும் புதுமைக்கு உவமையாக வைத்தார். உவமை என்றால் கேட்பவருக்கு முன்பே தெரிந்த பொருளாக இருக்க வேண்டும். அப்படியானால் இது அந்தக் காலத்தில் எல்லாரும் அனுபவத்தில் அறிந்திருந்த சங்கதி என்று ஆகிறது.

சரி, மேலே போக ஏன் அன்னம்? கழுகு இருக்கிறதே, கருடன் இருக்கிறதே. பிரம்மாவின் வாகனம் அன்னம் என்பது ஒரு பதில். எனக்கு அது போதவில்லை. அன்னத்துக்கு ஒரு பெயர் உண்டு, பாலையும் நீரையும் பிரிக்கும் என்று. உண்மையையும் பொய்யையும் பிரித்தறிவதற்கு அடையாளமே அந்தப் பறவைதான். அந்த வடிவத்தை எடுத்தவர்தான் பொய் சொன்னார். பன்றி வடிவம் எடுத்தவர் மெய் சொன்னார். கதையைக் கட்டியவர்கள் இதைத் தெரியாமலா செய்திருப்பார்கள்?

இந்தப் பால் நீர்ச் சங்கதியைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், அநேகமாக எல்லார் வீட்டிலும் காலையில் பால் வாங்குகிறோம். பசும்பாலில் 100 பங்கில் சுமார் 87 பங்கு தண்ணீர்தான். யாரும் கலக்காத, மடியிலிருந்து அப்போது கறந்த பாலில் உள்ள கணக்கு இது. அப்படியானால் பாலில் எது நீர், எது பால்? மிச்சம் உள்ளது கொழுப்பு, புரதம், சர்க்கரை, உப்புகள். கொழுப்பு மிகச் சிறு உருண்டைகளாக மிதக்கிறது, ஓர் உருண்டை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான் இருக்கும். சர்க்கரையோ நீரில் முழுக்கக் கரைந்தே இருக்கிறது. எந்த அலகாலும் இதை வடிகட்ட முடியாது.

பால் சங்கத்தில் என்ன செய்கிறார்கள்? லாக்டோமீட்டரை விடுகிறார்கள். அடியில் கனம் வைத்த கண்ணாடிக் குழாய் அது. பால் அடர்த்தியாக இருந்தால் மேலே மிதக்கும், தண்ணீர் சேர்ந்தால் உள்ளே இறங்கும். நல்ல பாலில் 28 முதல் 32 வரை காட்டும். இதில் தவறு எங்கெங்கே வரும்? கறந்த உடனே விட்டால் நுரையும் காற்றும் இருப்பதால் குறைத்துக் காட்டும், கொஞ்ச நேரம் வைத்திருந்து பார்க்க வேண்டும். பால் சூடாக இருந்தாலும் குறைத்துக் காட்டும், அதனால் வெப்பத்தையும் அளந்து திருத்தம் போட வேண்டும். இவை சிறிய தவறுகள். பெரிய தவறு வேறு. கொழுப்பு நீரைவிட லேசானது. ஒருவர் முதலில் பாலாடையை எடுத்துவிடுகிறார் என்று வையுங்கள். பாலின் அடர்த்தி ஏறிவிடும், கருவி கூடுதலாகக் காட்டும். பிறகு தண்ணீரை ஊற்றுகிறார், அடர்த்தி இறங்கிப் பழைய இடத்துக்கே வந்துவிடும். இரண்டு திருட்டு நடந்த பாலை லாக்டோமீட்டர் நல்ல பால் என்று சொல்லும். சர்க்கரை கரைத்தாலும் அப்படித்தான் ஏமாறும். அதனால்தான் கொழுப்பைத் தனியாக அளக்கிறார்கள், கொழுப்பில்லாத திடப்பொருளைத் தனியாகக் கணக்கிடுகிறார்கள். ஒரே அளவை நம்பி உட்கார்ந்தால் தாழம்பூவின் சாட்சியை நம்பிய மாதிரிதான். அந்தப் பூ ஒன்றுதானே சாட்சி சொன்னது!

நாலடியாரில் 135-ஆம் பாட்டு இந்தப் பறவையை அறிவின் எல்லைக்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. 'கல்வி கரையில கற்பவர் நாள்சில மெல்ல நினைக்கின் பிணிபல' என்று தொடங்கும். கல்விக்குக் கரை இல்லை, படிக்கிறவருக்கோ நாள் சில, நிதானமாக எண்ணிப்பார்த்தால் நோய்கள் பல. எனவே நீரை விட்டுப் பாலை மட்டும் உண்ணும் குருகு போலத் தெரிந்தெடுத்துப் படியுங்கள் என்று முடியும். ஆயுளையும் நோயையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, எதைப் படிக்காமல் விடலாம் என்று யோசிக்கச் சொல்கிற பாட்டு. இங்கேயும் விட்டுவைத்தல்தான்.

பாலைப் பிரிக்கும் பேச்சு எங்கிருந்து வந்திருக்கும்? வாத்தினப் பறவைகளின் அலகோரத்தில் சீப்புப் பல் போன்ற தகடுகள் உண்டு. வாய் நிறைய அள்ளி, நீரை ஓரத்தால் வெளியேற்றி, இரையை மட்டும் நிறுத்திக்கொள்ளும். குளக்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தாமரைத் தண்டை ஒடித்தால் பால் போன்ற சாறு கசியும். நீருக்குள் இருக்கும் தண்டை உண்டு நீரை ஒதுக்கும் பறவை என்று சொல்லவந்த பேச்சு, நாளடைவில் குவளைப் பாலுக்கு மாறியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எனக்கு இது பொருத்தமாகப் படுகிறது. கண் கண்டவரைக்கும் சரியாகத்தான் கண்டிருக்கிறார்கள்.

இதற்கு இதைவிட அழகான சான்று நற்றிணையில் இருக்கிறது, 356-ஆம் பாட்டு. செங்கால் அன்னம் நம் பக்கத்துத் தெளிந்த கடலோரத்தில் மேய்கிறது. மேய்ந்துவிட்டு எங்கே போகிறது? இமயத்து உச்சிக்கு. அங்கே வானுலகத்துப் பெண்கள் விளையாடி மகிழும் வளராத குஞ்சுகளுக்கு இரை கொண்டுபோகிறது என்கிறார் புலவர். இன்று திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்தைப் பாருங்கள். தலையில் இரண்டு கருங்கோடுகள், கால்கள் ஆரஞ்சு நிறம். நடு ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி வருகிறது. உடலில் கருவி பொருத்தித் தொடர்ந்தபோது 7,000 மீட்டருக்கும் மேலே பறந்தது பதிவாகியிருக்கிறது. புலவர் பாடியது இதே இனம்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தென்கடலோரத்தில் மேயும் பறவைக்கு இமயத்தில் வீடு என்பதைச் சங்ககாலத்தில் ஒருவர் அறிந்திருக்கிறார். எந்தக் கருவியும் இல்லாத காலத்தில்!

அவர் எங்கே பிசகினார் என்று பாருங்கள், அதுதான் சுவையான இடம். வாத்துக் குஞ்சுகளுக்குத் தாய் இரை கொண்டுவந்து ஊட்டுவதில்லை. கூட்டை விட்டு இறங்கிய நாளிலிருந்தே அவை தாமே மேயும். புலவருக்கு அது தெரிய வழியில்லை, ஏனென்றால் கூடும் குஞ்சும் இங்கே கிடையாது. பறவை வருவது தெரியும், போகும் திசை தெரியும், கால் நிறம் தெரியும். கூடு தெரியாது. சரியாக அந்தக் கூட்டில்தான் வானுலகத்துப் பெண்கள் வந்து உட்காருகிறார்கள். பார்வை போன தூரம்வரை பறவை, பார்வை நின்ற இடத்தில் தேவமாதர்.

அசுணம் என்று ஒன்று, சங்கப் பாட்டில் வரும். இசையில் மயங்கும் உயிர். அகநானூறு 88-ஆம் பாட்டில், மலைப்பிளவுக் குகையில் இருந்துகொண்டு வண்டுகள் ஒலிப்பதை யாழ் என்று எண்ணிக் காதுகொடுத்துக் கேட்கிறது. நற்றிணை 304-இல், அதைக் கொல்பவரின் கை வருகிறது. முதலில் யாழ் இசைத்து வெளியே வரவழைப்பார்கள், பிறகு பறையை அறைவார்கள், அந்த அதிர்ச்சியில் அது உயிர்விடும் என்பது கதை. ஒரே கை இன்பமும் தரும் துன்பமும் தரும், தலைவன் மார்பும் அப்படித்தான் என்கிறாள் தலைவி.

அசுணம் பறவையா, விலங்கா? இதைப் பற்றிப் பிற்காலத்தில் கருத்து வேறுபாடு உண்டு. புலவர்கள் சிறகு என்றும் சொல்லவில்லை, நாலு கால் என்றும் சொல்லவில்லை. குகையின் வாய், ஒரு காது, அவ்வளவுதான். உருவத்தை விட்டுவைத்துவிட்டார்கள், லிங்கோத்பவரின் பாதத்தைப் போல. அந்தக் காதும் பிழைபடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வண்டை யாழ் என்று நினைக்கிறது. உலகிலேயே கூர்மையான செவி என்று ஒன்றைப் படைத்துவிட்டு, அதுவும் தவறாகக் கேட்கும் என்று காட்டுகிறார்கள். புலன் கூர்மையானால் மட்டும் அறிவு சரியாகிவிடும் என்று அவர்கள் நம்பவில்லை.

நேரம் குறைந்துகொண்டு வருகிறது, யாளிக்கு இன்னும் நிறைய வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கமுகம், யானைத் துதிக்கை, குதிரை உடல் என்று யாளியில் எத்தனையோ வகை. ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள், ஓர் உறுப்பும் புதிது இல்லை. எல்லாம் நாம் கண்ட விலங்குகளின் உறுப்புகள். காணாத ஒன்றைக் கற்பனை செய்யவும் கண்ட துண்டுகளைத்தான் ஒட்டவேண்டியிருக்கிறது.

யாளி உண்மையில் வாழ்ந்த விலங்கு, டைனோசர் காலத்தது என்று இப்போது கைப்பேசியில் நிறையச் சுற்றுகிறது. டைனோசர்கள் மறைந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன, நம் மனித இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள். பார்த்துச் செதுக்க ஆள் ஏது? 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோதும் டைனோசர் முட்டை என்று ஒரே பரபரப்பு. அவை பழங்காலக் கடலின் படிவு உருண்டைகள் என்று புவியியலாளர்கள் விளக்கினார்கள். அம்மோனைட் என்னும் கடலுயிர்கள் வாழ்ந்த கடல் அங்கே இருந்தது என்பது அதைவிடப் பெரிய வியப்பு, அதை யாரும் பகிரவில்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலனுக்கு உவமையாக, பால்குடி மறக்காத ஆளிக்குட்டி, அதாவது யாளிக்குட்டி, முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றது என்று வருகிறது. யானைக்கு மேல் வலிமை என்று சொல்ல அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அந்தப் பெயரை எலும்புக்கூடாக மாற்றுவதில் பெருமை சேரவில்லை.

வாயில் கல் உருளும் யாளியைப் பார்த்திருப்பீர்கள். பல்லுக்கு இடையே உளியை விட்டு உள்ளே குடைந்து, உருண்டையை ஒரு மெல்லிய கழுத்தில் கடைசிவரை ஒட்டவைத்திருந்து, எல்லாம் முடிந்தபின் அந்தக் கழுத்தை அறுக்க வேண்டும். கல்லில் ஒரு ரேகை ஓடியிருந்தால் பல் தெறித்து முழுத்தலையும் வீண். விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது.

இருதலைப்புள்ளுக்கு இனி நேரமில்லை. இரண்டு தலை, ஓர் உயிர். அகநானூறு 12-இல் கபிலர் பாட்டில் தோழி தன்னையும் தலைவியையும் அப்படிச் சொல்கிறாள். வீட்டில் அந்தப் பாட்டை எடுத்துப் படித்துப் பாருங்கள், பதினான்கே அடிதான். நன்றி, வணக்கம்.